புதுவீட்டின் கைப்பிடி



எலும்பு முறிவு வார்டில் இம்மாதம் நாங்கள் சந்தித்த எழுபது வயதுத் தாயார் எங்களுக்கு முன்பே அறிமுகமானவர்கள். சென்ற ஆண்டு அவர்களுடைய மகன் கட்டிய வீட்டின் பிரதிஷ்டை ஆராதனைக்குப் போயிருந்தோம். மாடிப்படியின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறுமை. "கையில் பணம் வந்ததும் கம்பி போட்டுவிடுவோம், ஐயா" என்றார் மகன். நாங்களும் ஜெபித்து, விருந்துண்டு, வாழ்த்திவிட்டு வந்தோம். கம்பி வரவில்லை. காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கிய தாயார் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அறிவித்தது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

கைப்பிடி அலங்காரத்திற்கு அல்ல, பிடிப்பதற்கு. கால் வழுக்கும் நொடியில் கை அதை முழுவதும் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஆகவே அகலமான கிரானைட் பலகையைவிட ஒன்றரை அங்குல உருண்டைக் குழாயே நல்லது. படியின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 3 அடி உயரம் இருக்கட்டும். சுவரில் பொருத்தினால் விரல்கள் நுழைய 2 அங்குல இடைவெளி விடுங்கள். முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் அப்பால் ஓர் அடி நீண்டிருந்தால், மங்கிய கண்ணுக்கும் படி முடியும் இடம் கையால் தெரியும்.

கூடுமானால் இரண்டு பக்கமும் வையுங்கள். பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவருக்கு, ஏறும்போது உதவிய கைப்பிடி இறங்கும்போது உதவாது. அது செயலற்ற கையின் பக்கம் வந்துவிடும்.

வீட்டில் குழந்தைகள் உண்டா? செங்குத்துக் கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்திற்கு மேற்பட வேண்டாம். குறுக்குக் கம்பிகளோ அவர்களுக்கு ஏணியாகிவிடும்.

உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனம் புதுவீட்டின் மேல்தளத்திற்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது. விழுந்தவரின் கவனக்குறைவை அது பேசவில்லை. கட்டியவரின் பொறுப்பையே பேசுகிறது. அந்த வசனத்தைப் பலமுறை வாசித்திருக்கிறோம். அன்று அந்தப் படியருகே நின்றபோது நினைவுகூரவில்லை.

தாயார் இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறார்கள். அவர்கள் வீடு திரும்புமுன் மகன் படியின் இருபுறமும் குழாய் பொருத்திவிட்டார். இனிப் பிரதிஷ்டைக்குப் போகும் வீடுகளில், ஜெபத்திற்கு முன் மாடிப்படியைப் பார்ப்பதென்று நாங்களும் தீர்மானித்திருக்கிறோம். நீங்களும் இன்று உங்கள் வீட்டுப் படியை ஒருமுறை பாருங்கள்.