விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடியேறுகிறது. அதனைத் தொடர்ந்துவரும் 25 நாளும் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் புதியதோர் ஓசை கேட்கும். ஜேர்மன் மொழியிற் சண்டையிடும் அண்ணன் தம்பியின் குரல் அது; அல்லது பிரெஞ்சு மொழியிலே சிணுங்கும் ஒரு சிறுமியின் குரல். மேனாட்டுப் பாடசாலைகளின் கோடை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருவதனால், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் வாழும் குடும்பங்கள் பிள்ளைகளுடன் ஊர் திரும்புங் காலம் இதுவே. திருவிழா சந்திரனைப் பின்பற்றுவது. பாடசாலையோ நாட்காட்டியைப் பின்பற்றுவது. ஆகவே, சில ஆண்டுகளில் நோர்வேப் பிள்ளைகள் தேரைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர்.

பிறநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருதல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கடமையாற்றியோர், நீண்ட லீவு பெற்றுக் கப்பலேறிக் கொழும்பு வந்தனர். 1905 ஆம் ஆண்டிற் பாதை முழுமையடைந்தபின் அங்கிருந்து புகைவண்டியிலேயே ஊர் சேர்ந்தனர். அவர்களுட் பலர் ஓய்வுபெற்றதும் ஊரிற் குடியேறும் எண்ணமுடையோர். பிள்ளைகளைப் படிப்புக்காக இங்கேயே விட்டுச் சென்றோரும் உளர். 1983 ஆம் ஆண்டின் பின் அகதிகளாய்ச் சென்றோருக்கு அத்தகைய போக்குவரத்து வாய்க்கவில்லை. 1990 இல் நின்ற யாழ்ப்பாணப் புகைவண்டி 2014 இலேயே மீண்டும் வந்தது. 2002 முதல் 2006 வரை ஏ-9 பாதை திறந்திருந்த சில ஆண்டுகளை விட்டால், போர் முடிந்த 2009 வரையில் பிள்ளைகள் பலர் அம்மம்மாவைப் புகைப்படத்திலும் தொலைபேசியிலுமே அறிந்திருந்தனர்.

இன்று பாதை உண்டு, பணந்தான் தடை. பாடசாலை மூடும் வேளையிலேயே விமானக் கட்டணமும் உச்சிக்கு ஏறிவிடும். நால்வர் கொண்ட குடும்பம் மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவதே பெரிது. பன்னிரண்டாண்டுப் பள்ளிக் காலத்தில் நான்கு வருகை, வருகைக்கு நான்கு கிழமை எனக் கொண்டால், ஒரு பிள்ளை அம்மம்மாவுடன் வாழுங் காலம் எல்லாமாகப் பதினாறு கிழமை. அம்மம்மாவோ இக்கணக்கை எப்போதோ போட்டு முடித்திருப்பார்.

அப்பதினாறு கிழமையிலும் பெரும்பகுதி வாகனத்திலே கழிந்துபோவதுதான் வருந்தத்தக்கது. கலியாண வீடு, சாமத்திய வீடு, துக்கம் விசாரிப்பு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சோடா, ஒரு தட்டுப் பலகாரம். மூன்றாம் வீட்டிலே பிள்ளை கைத்தொலைபேசியில் தலை கவிழ்கிறது. “ஊர் பிடிக்கவில்லையோ?” என்று பெரியோர் கேட்கின்றனர். பிள்ளை ஊரை இன்னுங் காணவேயில்லையே!

வீட்டில் இருக்கவிட்டாற் காண்பதற்கு எவ்வளவோ உண்டு. கிணற்றையே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இக்குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். பெய்த மழை சுண்ணாம்புக் கற்பாறையின் துளைகளுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். குழாயைத் திறந்தால் நீர் வரும் என்றே அறிந்த பிள்ளைக்கு, காலடியிற் கடல்மேல் மிதக்கும் நன்னீர் ஒரு விந்தையாகும். (அந்நீரை ஆராயாது பருகக் கொடுத்தல் கூடாது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் உரத்தினால் நைத்திரேற்று மிகுந்துள்ளது. அது கொதிக்கவைத்தாலும் நீங்காது.)

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பமாயின் வேறொரு கிணறும் உண்டு. இராணுவத்தின் வசமிருந்த காணிகள் போரின் பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, பலர் தம் வீட்டைத் தேடிச் சென்று அத்திவாரத்தையும் கிணற்றையுமே கண்டனர். “அம்மா, உங்கள் அறை எங்கே?” என்று பிள்ளை கேட்டால், தாய் பற்றைக்குள் நின்று காலால் ஒரு கோடு கீறிக் காட்டவேண்டியிருக்கிறது.

மொழியின் நிலையும் கருதத்தக்கது. இப்பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்குத் தமிழ் விளங்கும். வாய் மட்டும் திறவாது. பெற்றோருக்கு அந்நாட்டு மொழி தெரியுமாதலால் தமிழிலே பேசவேண்டிய தேவை எழுவதில்லை. அம்மம்மாவிடமோ அத்தேவை உண்டு. அதனினும் மிக்க தேவை மச்சானோடு விளையாடுகையில் உண்டு. ஆட்டத்திலே “நான் அவுட் இல்லை” என்று வாதாடுவதற்குச் சொல் வேண்டுமன்றோ! முதற் கிழமை தலையசைப்பு; இரண்டாம் கிழமை ஓரிரு சொல்; மூன்றாம் கிழமையிலேதான் முழு வாக்கியம் வரும். நான்காம் கிழமை பெட்டி கட்டவேண்டும். மிளகாய்த்தூளும் பனாட்டும் ஒடியல்மாவும் அடைத்தபின், எடை கூடிவிட்டதென்று மீண்டும் அவிழ்த்துக் கட்டுவார்கள்.

திரும்பியபின் அவ்வாக்கியங்கள் மறையாதிருக்க, சில தாய்மார் ஓர் உபாயம் செய்கின்றனர். ஞாயிறுதோறும் தொலைபேசியைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டுத் தாம் மொழிபெயர்க்க நில்லாது அடுக்களைக்குள் போய்விடுகின்றனர். முதலில் இருபுறமும் மௌனம். பின்னர், கார்த்திகை மாதத்திலே, பனி மூடிய சாளரத்தருகிருந்து பிள்ளை கேட்கும்: “அம்மம்மா, கிணத்திலை தண்ணி எத்தினை முழம் ஏறியிட்டுது?”