கொள்ளையர் கூடுகிறார்கள், வணிகர் ஏன் கூடுவதில்லை?

பருப்பு விலை, புளி வரத்து பற்றி எழுதி வந்தவன் இம்முறை கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். வயதான காலத்தில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று எண்ண வேண்டாம். கடைசி வரை படித்தால் இது நம் கடைத்தெரு விஷயம்தான் என்பது விளங்கும்.

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் பேரன் விடுமுறையில் ‘ஈவ் ஆன்லைன்’ என்ற விளையாட்டை ஆடினான். ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி என்ற நிறுவனம் 2003ஆம் ஆண்டு வெளியிட்டது. பல நாட்டு மக்கள் ஒரே விண்வெளியில் சேர்ந்து ஆடுகிறார்கள். பாறைகளில் தாது வெட்டுவது, அதைக் கப்பலில் ஏற்றுவது, ஜிட்டா என்னும் பெரிய சந்தையில் விற்பது என எல்லாம் வியாபாரமே. ஓரிடத்தில் மலிவாக வாங்கி வேறிடத்தில் லாபம் வைத்து விற்பவர்களும் உண்டு. நம் மண்டியைப் போலவே ஏற்றம், இறக்கம், பதுக்கல் எல்லாம் அங்கும் இருக்கின்றன.

கொள்ளையரும் இருக்கிறார்கள். பாதுகாப்பான பகுதி என்று சொல்லப்படும் இடங்களில் ‘கான்கார்ட்’ என்ற போலீஸ் உண்டு. ஆனால் அது குற்றத்தைத் தடுக்காது. குற்றம் நடந்தபின் வந்து தண்டிக்கும். வந்து சேர்வதற்குள் சில நொடிகள் கிடைக்கும். அந்த நொடிகளுக்குள் பத்துப் பதினைந்து பேர் மலிவான சிறு கப்பல்களில் வந்து ஒரு பெரிய சரக்குக் கப்பலை உடைத்துவிடுகிறார்கள். போலீஸ் அந்தச் சிறு கப்பல்களை அழித்துவிடும். அது அவர்களுக்குக் கைமுதல் செலவு, அவ்வளவுதான். உடைந்த கப்பலின் சரக்கில் ஏறக்குறைய பாதி அழியும், மீதியைக் கூட்டாளி ஒருவன் அள்ளிக்கொண்டு போவான்.

என் பேரன் இரண்டு மாதம் சேர்த்த சரக்கு இப்படித்தான் போயிற்று. முகம் வாடி உட்கார்ந்திருந்தவனிடம், “ஏம்ப்பா, அவனுங்க பத்துப் பேர். உன்னை மாதிரி சரக்கு ஏத்துறவங்க ஆயிரக்கணக்குல இருக்கீங்க. எல்லாரும் சேர்ந்து காவல் நிக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“காவல் நிக்கிற நேரத்துக்கு யார் காசு தருவாங்க தாத்தா?” என்றான்.

சேராததற்குக் காரணங்கள்

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது. சில நொடிச் சண்டைக்காகப் பல மணி நேரம் ஒருவன் விழித்துக் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் அவன் தாது வெட்ட முடியாது. நட்டம் அவனுக்கு, நன்மையோ அந்த வழியில் போகும் எல்லோருக்கும். காவலுக்கு வராதவனும் அதே நன்மையை இலவசமாக அனுபவிப்பான். பிறகு யார்தான் வருவார்கள்?

இரண்டாவது, கொள்ளையனுக்கு அதுவே முழுநேரத் தொழில். ஒவ்வொரு அடியிலும் லாபத்தைப் பங்கு போடுகிறான், அதனால் கூட்டாளிகள் தாமாகவே வருகிறார்கள். சரக்குக்காரனுக்கோ அது என்றோ ஒரு நாள் வரும் இடி. ‘இன்று அவனுக்கு, நமக்கில்லை’ என்று கடந்து போய்விடுகிறான். பக்கத்துக் கப்பல் உடைந்தால் அந்தப் பாறைத் தாதுவும் தனக்குத்தானே என்று உள்ளூர மகிழ்பவனும் இருப்பான்.

மூன்றாவது, நம்பிக்கை இல்லை. அந்த விளையாட்டில் ஏமாற்றுவதும் விதிக்கு உட்பட்டதே. 2005ஆம் ஆண்டு ஒரு கூட்டத்தார் இன்னொரு குழுவுக்குள் ஏறக்குறைய ஓராண்டு நல்லவர்களாக இருந்து, தக்க சமயத்தில் கிடங்கையே துடைத்துக்கொண்டு போனார்கள். இதைக் கேள்விப்பட்டவன் முன்பின் தெரியாதவனோடு எப்படிக் கூட்டுச் சேருவான்?

நான்காவது, தப்பிக்கச் சின்னச் சின்ன வழிகள் இருக்கின்றன. வேறு பாதையில் போகலாம், சரக்கைக் குறைத்து ஏற்றலாம், கப்பலுக்குக் கவசம் கூட்டலாம். தனியாகத் தப்ப வழி உள்ளவரை எவனும் கூட்டாக நிற்க வருவதில்லை.

சேர்ந்தவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள்?

அதே விளையாட்டில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றுசேர்வதும் உண்டு. 2014 ஜனவரியில் நடந்த ஒரு போரில் 7,500 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். போலீஸே இல்லாத எல்லைப் பகுதிகளில் பெரிய கூட்டணிகள் உள்ளன. அவை உறுப்பினரின் கப்பல் சண்டையில் அழிந்தால் ஈடு கொடுக்கின்றன. வெட்டிய தாதைத் தாமே விலைக்கு எடுத்துக்கொள்கின்றன. தினமும் கைக்குப் பலன் கிடைப்பதால் உறுப்பினர் விலகுவதில்லை. சண்டை என்று அழைத்தால் வருகிறார்கள்.

மான்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1965ஆம் ஆண்டே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். பொது நன்மை என்ற ஒன்றுக்காக மட்டும் பெருங்கூட்டம் தானாகச் சேராது, சேர்ந்தவனுக்கு மட்டும் கிடைக்கும் தனிப்பலன் வேண்டும் என்பது அவர் கருத்து.

நம் தெருக் கதை

இதைப் படிக்கும் யாரும் அந்தச் சரக்குக்காரர்களைக் கோழை என்று சொல்ல வேண்டாம். நானும் அப்படி நின்றவன்தான். 1980களில் எங்கள் மண்டித் தெருவில் நான்கு ரவுடிகள் கடைக்குக் கடை மாமூல் வாங்கினார்கள். கடைகளோ அறுபதுக்கு மேல். கொடுக்க மறுத்தவர் ஒரே ஒரு மிளகாய் வியாபாரி. ஒரு நாள் காலை அவர் மூட்டைகளைக் கிழித்துத் தெருவில் கொட்டினார்கள். நான் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். எல்லோரும் அப்படித்தான் நின்றோம். ஆறு மாதத்தில் அவர் கடையைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போய்விட்டார். மாமூல் இரட்டிப்பானது. அன்று அவரோடு நின்றிருந்தால் ஆளுக்கு ஒரு நாள் வியாபாரம்தான் போயிருக்கும். கணக்கு இன்று தெரிகிறது, அன்று தெரியவில்லை.

பின்னாளில் அந்தத் தெருவில் சங்கம் அமைந்தது வீரப்பேச்சால் அல்ல. முதலில் கூட்டாக லாரி பிடித்தோம், வாடகை குறைந்தது. பிறகு மாதச் சீட்டு வந்தது. தினம் பார்க்கும் முகங்கள் ஆனோம். அதன்பின் ஒரு கடையில் தகராறு என்றால் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். மாமூல் தானாக நின்றது.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு இந்த மூத்த வியாபாரியின் வேண்டுகோள் ஒன்று உண்டு. சிறுகடைக்காரர் போராட்டத்துக்கு வரவில்லையே என்று குறைபடாதீர்கள். சாதாரண நாளில் அவருக்குச் சங்கம் என்ன தந்தது என்று கேளுங்கள். சிறுகடைக்காரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: பக்கத்துக் கடைக்காரர் மூட்டை கிழியும்போது கதவைச் சாத்தாதீர்கள். அந்தச் சத்தம் நாற்பது வருடமானாலும் காதைவிட்டுப் போகாது.

என் பேரன் இப்போது ஒரு சரக்குக் குழுவில் சேர்ந்திருக்கிறான். காவலுக்காகச் சேரவில்லை, அங்கே கூலி நன்றாகக் கிடைக்கிறதாம். காவல் பிறகு தானாக வரும் என்று சொல்லியிருக்கிறேன்.