சர்க்காரின் பற்று நோட்டை மூடிய அரியலூர்க்காரர்

1996-ம் ஆண்டு மகாத்மா காந்தி படம் போட்ட புதிய 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகள் வந்தன. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் சம்பளக் கவரைப் பிரித்து எண்ணிய நம்மவர்களில் எத்தனை பேர் அதிலிருந்த கவர்னர் கையெழுத்தைப் பார்த்திருப்பார்கள்? அது ஒரு தமிழரின் கையெழுத்து. அவர் டாக்டர் சி.ரங்கராஜன்.

அரியலூர் என்றதும் ரெயில்வேக்காரர்களுக்கு 1956-ம் ஆண்டு நடந்த விபத்துதான் நினைவுக்கு வரும், மற்றவர்களுக்கு சிமெண்டு. அந்த ஊரில் 1932-ம் ஆண்டு பிறந்தவர் ரங்கராஜன். சென்னை லயோலா கல்லூரியில் படித்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1964-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பத்தாண்டுக்கு மேல் பாடம் நடத்தினார். 1982-ம் ஆண்டு ரிசர்வ் பாங்கியின் துணை கவர்னர் ஆனார்.

பாங்கிகளில் கம்ப்யூட்டர் வைப்பது பற்றி ஆராய 1983-ல் அமைந்த கமிட்டிக்கு அவரே தலைவர். வேலை போய்விடும் என்று ஊழியர் சங்கங்கள் எதிர்த்த காலம் அது. 1984-ல் அறிக்கை வந்தது. பேரேட்டில் கையால் எழுதிய கணக்கு மெல்ல மெல்ல மெஷினுக்கு மாறியது.

ஜூலை 3

1991-ல் நாட்டின் கையிருப்பு டாலர் கரைந்து, தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்கும் நிலை வந்தது. ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைக்க முடிவாயிற்று. ஜூலை 1-ந்தேதி முதல் தவணை. 3-ந்தேதி காலை, இரண்டாவதை நிறுத்தி வைக்கச் சொல்லி நிதி மந்திரி மன்மோகன்சிங் டெலிபோன் செய்தார். அதற்குள் ரங்கராஜன் அறிவித்து முடித்துவிட்டார்!

வெள்ளிக்கிழமை கணக்கு

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் இதுவல்ல. அது அதிகம் பேசப்படாத ஒன்று.

மளிகைக்கடையில் பற்று வைத்து சாமான் வாங்குவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. மத்திய சர்க்காரும் அதைத்தான் செய்து வந்தது. ரிசர்வ் பாங்கியில் அதன் கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் 50 கோடி ரூபாயும், மற்ற நாட்களில் 4 கோடி ரூபாயும் இருக்க வேண்டும். குறைந்தால் சர்க்கார் ஒரு கடன் பத்திரம் எழுதித்தரும்; பாங்கி உடனே பணத்தை வரவு வைத்துவிடும். இது 1955-ல் வந்த ஏற்பாடு. 91 நாள் பத்திரம் என்று பெயர். நாள் முடிந்ததும் வேறொரு பத்திரம். உச்சவரம்பு கிடையாது. 1974 முதல் வட்டி வெறும் 4.6 சதவீதம். எந்த குமாஸ்தாவுக்கு அந்த வட்டிக்குக் கடன் கிடைத்தது?

மளிகைக்காரர் தருவது அவர் கடையில் உள்ள சரக்கை. ரிசர்வ் பாங்கி தந்ததோ புதிதாகப் பிறந்த பணம். பணம் பெருகி, அரிசியும் பருப்பும் பெருகாவிட்டால் விலை ஏறாமல் என்ன செய்யும்? 1991 ஆகஸ்டில் மொத்த விலை ஏற்றம் 16 சதவீதத்தைத் தாண்டியது. அதற்குக் காரணங்கள் பல. இந்தப் பற்று அவற்றில் ஒன்று. குமாஸ்தாவுக்கு சில மாதம் கழித்தாவது பஞ்சப்படி வரும். சித்தாளுக்கும் மூட்டை தூக்குபவருக்கும் அதுவும் இல்லை.

ரங்கராஜன் 1992 டிசம்பர் 22-ந்தேதி கவர்னர் ஆனார். அவரை நியமித்தது மத்திய சர்க்கார். வேலை கொடுத்தவரிடமே "இனி பற்று இல்லை" என்று சொல்ல வேண்டும். அவர் அவசரப்படவில்லை. 1994 செப்டம்பர் 9-ந்தேதி மன்மோகன்சிங் காலத்தில் ஒப்பந்தம் ஆயிற்று. அந்த நிதியாண்டின் முடிவில் 6 ஆயிரம் கோடிக்கு மேல் பற்று ஏறக்கூடாது. இடையில் 9 ஆயிரம் கோடியைத் தாண்டி பத்து வேலை நாளுக்கு மேல் நின்றால், ரிசர்வ் பாங்கி தானே சர்க்கார் பத்திரங்களை சந்தையில் விற்கும். மூன்று ஆண்டில் பழக்கத்தையே நிறுத்துவது என்று ஏற்பாடு.

1997 ஏப்ரல் 1-ந்தேதி முதல் அது நின்றது. அதற்கான உடன்பாடு மார்ச் கடைசியில் ஆனபோது பிரதமராக இருந்தவர் ஹாசன் மாவட்டத்து தேவேகவுடா. நிதி மந்திரி சிவகங்கைச் சீமை ப.சிதம்பரம். அதன் பிறகு அவசரத்துக்கு சர்க்கார் வாங்கும் முன்பணத்துக்கு ஒரு வரம்பு வந்தது. மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கட்டவும் வேண்டும். மீதிக்கு சந்தைக்குப் போய் சந்தை வட்டி கொடுக்க வேண்டியதுதான். விலைவாசி ஏற்றம் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் கேட்காமல் திறக்கும் கதவு ஒன்று சாத்தப்பட்டது.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் பாங்கியின் நோட்டு அச்சடிப்பு கம்பெனி 1995-ல் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். அதன் அச்சகங்களில் ஒன்று மைசூரில் இருக்கிறது.

1997 நவம்பரில் ரிசர்வ் பாங்கி கவர்னர் பதவியை விட்டவர், அதே மாதம் ஆந்திர மாநில கவர்னர் ஆனார். 2002-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

47 ரூபாய்

2014-ல் அவர் தலைமையிலான குழு வறுமைக் கோட்டுக்கு ஒரு கணக்கு சொன்னது. நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 47 ரூபாய், கிராமத்தில் 32 ரூபாய். பலத்த கண்டனம் எழுந்தது. மெஜஸ்டிக் பக்கம் ஓட்டலில் சாப்பிட்டு, பஸ்சில் வீடு போய், வாடகையும் கொடுக்கும் தொழிலாளி அதைக் கேட்டு சிரித்திருப்பார். ஆனால் அந்தக் கணக்கின்படியே 2011-12-ல் நாட்டில் 36 கோடிக்கு மேற்பட்டோர் ஏழைகள். அதற்கு முந்தைய டெண்டுல்கர் கமிட்டியின் முறைப்படி அது 27 கோடிதான்.