பனிக்கட்டி மேடையில் இருவர்

பனிக்கட்டி என்றவுடன் நம்மவருக்குச் சர்பத்துக் குவளை நினைவுக்கு வரும். மிஞ்சிப்போனால் மீன் பெட்டி. அதன்மேல் ஏறி நின்று ஆடுவதாவது, அந்த ஆட்டத்துக்கு மார்க் போடுவதாவது, அந்த மார்க்கை நம்பி ஓர் ஆணும் பெண்ணும் தங்கள் வேலையையே விடுவதாவது என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னிடம் வியந்தார். அவருக்கு வாயால் சொன்ன விடை அரைகுறையாகப் போயிற்று. ஆகவே எழுதுகிறேன்.

1984ஆம் ஆண்டு சாரயேவோ ஒலிம்பிக்கில் ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் என்ற ஆங்கிலேய ஜோடி ஆடிய நடனத்தின் படப்பதிவை நான் ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பார்த்தபோது அழகாயிருக்கிறது என்று மட்டும் தோன்றிற்று. அந்தப் போட்டியின் விதிகளைப் படித்த பிறகு பார்த்தால் அது வேறு நடனமாகவே தோன்றுகிறது. அழகு எங்கே பிறந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது.

பனிச்சறுக்கில் ஜோடிகள் போட்டியிடும் பிரிவுகள் இரண்டு. ஒன்றில் ஆண் பெண்ணைத் தலைக்குமேல் தூக்குவான், வீசி எறிவான், அவள் வானத்தில் சுழன்று வந்து ஒற்றைக் காலில் இறங்குவாள். பார்ப்பவர் மூச்சு நிற்கும். மற்றொன்றுதான் நாம் பேசும் பனி நடனம். வால்ட்ஸ், டாங்கோ, பாக்ஸ்ட்ராட் என்று மேனாட்டார் மண்டபங்களில் ஆடும் ஜோடி நடனங்களே பனிக்கட்டிமேல் ஏறி இந்தப் பிரிவாயின. ஆகவே கட்டுப்பாடுகள் மிகுதி. தோளுக்குமேல் தூக்கலாகாது. எறியலாகாது. பல சுற்றுச் சுழன்று தாவலாகாது. இருவரும் ஒருவரை ஒருவர் விட்டு நெடுநேரம் பிரிந்திருக்கலாகாது. இவையெல்லாம் டார்வில், டீன் காலத்து விதிகள். பிற்காலத்தில் இவற்றுட் சில தளர்ந்தன.

இத்தனையும் கூடாதென்றால் எதை வைத்து உயர்வு தாழ்வு சொல்வது? காலடியை வைத்துத்தான். சறுக்குக் காலணியின் அடியில் உள்ள எஃகுத் தகடு கத்தி போலக் கூரானது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. அதன் அடிப்புறம் நடுவில் குழிந்திருக்கும். குழியின் இருபுறமும் இரண்டு விளிம்புகள், உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று. உடலைச் சாய்த்து ஏதேனும் ஒரு விளிம்பின்மேல் நின்றால் வளைகோடு விழும். எவ்வளவு சாய்கிறோமோ அவ்வளவு ஆழமான வளைவு. அந்தச் சாய்வில் வேகம் குறையாமல், விளிம்பு மாற்றித் திரும்பி, தாளம் தவறாமல் போகவேண்டும். இதை ஒருவர் செய்வதே அரிது. நான்கு தகடுகள் ஒன்றுக்கொன்று கைப்பிடி தூரத்தில் பாயும்போது இருவர் செய்வதுதான் பனி நடனம். ஒருவர் ஒரு நொடி தாமதித்தால் இருவரும் தரையில்.

மற்றொரு சங்கடமும் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் தீர்ப்புச் சொல்லிவிடும்; எடை தூக்குவோனுக்கு எடையே சாட்சி. இங்கே ஒன்பது நடுவர்களின் கண்ணும் மனமுமே கடிகாரம். அந்நாளில் ஒவ்வொரு நடுவரும் தொழில் திறத்துக்கு ஒரு மதிப்பெண், கலைத் தோற்றத்துக்கு ஒரு மதிப்பெண் தருவார். இரண்டுக்கும் உச்ச வரம்பு 6.0. அந்த எண் உண்மையில் அளவை அன்று. இன்னாரை இன்னாருக்கு மேலே வைக்கிறேன் என்று நடுவர் சொல்லும் வரிசைதான். இந்த வரிசையை நம்பியே இவர்கள் வாழ்வு அமைந்தது.

உலகப் போட்டியில் பனி நடனம் 1952இல் இடம்பெற்றது. தொடக்கத்தில் பட்டங்களைப் பிரிட்டிஷ் ஜோடிகளே அள்ளிக்கொண்டன. 1970 முதல் சோவியத் ஜோடியான பக்கோமோவா, கோர்ஷ்கோவ் முன்னேறி வந்தனர். 1976இல் இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் பனி நடனத்துக்கு முதன்முறையாகப் பதக்கம் வழங்கியபோது தங்கம் அவர்களுக்கே.

டார்வில், டீன் இருவரும் பெருங்குடியில் பிறந்தவர்கள் அல்லர். இருவருக்கும் ஊர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வட்டாரம். ஜேனின் பெற்றோர் செய்தித்தாள் கடை நடத்தினர். எட்டு வயதில் பள்ளிப் பிள்ளைகளோடு பனித்தளத்துக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார் எனலாம். கிறிஸ்டோபர் கால்வர்ட்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரைச் சேர்ந்தவர். பத்தாவது வயதில் கிறிஸ்துமஸ் பரிசாகச் சறுக்குக் காலணி கிடைத்தது. 1975இல் ஜேனட் சாபிரிட்ஜ் என்ற பயிற்சியாளர் இவ்விருவரையும் சேர்த்துவிட்டார்.

அப்போது ஜேன் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா, கிறிஸ்டோபர் காவலர். பகலெல்லாம் பாலிசித்தாள் புரட்டிய கையும், இரவெல்லாம் ரோந்து சுற்றிய காலும், பொதுமக்கள் போன பிறகு பனித்தளம் காலியான வேளைகளில் பயிற்சி செய்தன. 1978இல் பிரிட்டிஷ் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் பெட்டி காலவே என்ற அம்மையார் பயிற்சியாளராக வந்தார். 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம்.

ஐந்தாம் இடம் என்பது பொல்லாத இடம். முதல் இடம் எட்டிவிடும் தூரத்தில் தெரியும். ஆனால் அதை எட்ட நாள் முழுவதும் வேண்டும். சம்பளம் வாங்கும் மனிதருக்கு நாள் முழுவதும் ஏது? அந்நாளைய விதிப்படி ஆட்டத்தைத் தொழிலாகக்கொண்டு பணம் சம்பாதித்தாலோ ஒலிம்பிக் வாசல் அடைந்துவிடும். வேலையிலும் இருக்க முடியாது, ஆட்டத்தாலும் சம்பாதிக்கக் கூடாது. இருவரும் வேலையை விட்டார்கள். கைகொடுத்தது நாட்டிங்ஹாம் நகரசபை. 1984 வரையிலான பயிற்சிக்காக மொத்தம் 42,000 பவுன் மானியம் தந்தது. குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் கணக்குப் பார்க்கும் நகரசபை, இரண்டு இளைஞர் பனிமேல் ஆடுவதற்கு வரிப்பணத்தைக் கொடுக்கத் துணிந்ததை நான் இந்தக் கதையிலேயே பெரிய துணிச்சலாகக் கருதுகிறேன்.

அடுத்த ஆண்டே பலன் தெரிந்தது. 1981இல் ஐரோப்பியப் பட்டமும் உலகப் பட்டமும் ஒருங்கே வந்தன. உலகப் பட்டம் 1984 வரை நான்கு முறை தொடர்ந்து அவர்களுடையதே. 1983இன் தொடக்கத்தில் பயிற்சியின்போது ஜேன் விழுந்து தோளில் அடிபட்டதால் ஐரோப்பியப் போட்டிக்கு மட்டும் அவ்வாண்டு போகவில்லை.

அக்கால வழக்கப்படி நான்கு நிமிட நடனத்துக்கு மூன்று நான்கு பாட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள்: வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று, மறுபடி வேகமாக ஒன்று. கல்யாண வீட்டு ரிக்கார்டு போல. டார்வில், டீன் இதை விட்டொழித்தார்கள். 1982இல் ‘மாக் அண்டு மேபல்’ என்ற அமெரிக்க இசை நாடகத்தின் இசையையே முழுதும் எடுத்தாண்டனர். (அரங்கில் தோற்றுப்போன அந்த நாடகத்தின் இசை, இவர்கள் ஆடிய பின்புதான் பிரிட்டனில் புகழ் பெற்றது.) 1983இல் ஒரு சர்க்கஸ் முழுவதையும் நடித்துக் காட்டினர். 1984க்கு பிரெஞ்சு இசையாசிரியர் ராவெல் 1928இல் இயற்றிய ‘பொலேரோ’.

விதியின் விளையாட்டு இங்கேதான். பொலேரோ கால் மணி நேர இசை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தாளம். ஒரு முணுமுணுப்பாகத் தொடங்கி, வாத்தியம் மேல் வாத்தியமாக ஏறி, இறுதியில் இடியாக வெடிக்கும். அதை நடுவில் வெட்டினால் ஏற்றமே போய்விடும். எவ்வளவு சுருக்கியும் 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே இறங்கவில்லை. விதி அனுமதித்ததோ நான்கு நிமிடம். மேலே பத்து விநாடி சலுகை. பதினெட்டு விநாடி மிஞ்சுகிறது.

விதிப் புத்தகத்தை மறுபடி புரட்டினார்கள். ஆட்டக்காரர் சறுக்கத் தொடங்கும் கணத்திலிருந்தே கடிகாரம் ஓடும் என்று அதில் கண்டிருந்தது. தகடு பனியைத் தொடாவிட்டால்? ஆகவே இசை தொடங்கும்போது இருவரும் எதிரெதிரே முழந்தாளிட்டிருக்கிறார்கள். இடுப்புக்குமேல் மட்டும் உடல் அசைகிறது. கைகள் பின்னுகின்றன, அவிழ்கின்றன. பதினெட்டு விநாடி கழித்தே தகடு பனியில் படுகிறது. முதல் முறை பார்த்த எவரும் அதைக் காதலின் தவிப்பு என்றே நினைப்பர். அது தவிப்புத்தான், ஆனால் தவிப்பைப் பெற்றெடுத்தது ஒரு கணக்கு! ஒன்றுசேர முடியாத காதலர் இருவர் எரிமலை உச்சிக்கு ஏறிக் குதிப்பதாகக் கதை. இசை உச்சிக்கு ஏற ஏற இவர்களும் ஏறுகிறார்கள். கடைசி அடியில் இருவரும் பனிமேல் விழுந்து கிடக்கிறார்கள்.

அன்று பிப்ரவரி 14. கலைத் தோற்றத்துக்கு ஒன்பது நடுவரும் 6.0 தந்தனர். தொழில் திறத்துக்கு மூன்று 6.0, ஆறு 5.9. அந்த ஆறு நடுவர் எதைக் கண்டு ஒரு புள்ளியைப் பிடித்துவைத்துக்கொண்டார்களோ, அவர்களுக்கே வெளிச்சம். அடுத்த மாதம் ஒட்டாவா நகரத்து உலகப் போட்டியில் எல்லாப் பிரிவிலும் சேர்த்து இருபத்தொன்பது 6.0 வந்தது. பிறகு அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரராயினர். போட்டி வாழ்வு முடிந்தது என்றே உலகம் நினைத்தது.

முடியவில்லை. தொழில்முறையாளர் ஒருமுறை திரும்பி வரலாம் என்று விதி தளர்ந்ததும், 1994இல் வந்தார்கள். பத்து ஆண்டு இடைவெளியில் இந்த ஆட்டமே வேறு திசை போயிருந்தது. அந்தப் போக்குக்கு ஒரு காரணர் டீனே என்பதுதான் வேடிக்கை. இசபெல், பால் துஷேனே என்ற அண்ணன் தங்கைக்கு அவர் அமைத்துக் கொடுத்த புதுமை நடனங்கள் புயல் கிளப்பின. அவர்கள் 1992 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றனர். இது நாடகமா, நடனமா என்று அதிகாரிகள் முகம் சுளித்து, மண்டப நடனத்தின் தாளத்துக்குத் திரும்புக என்று விதிகளை இறுக்கினர்.

டார்வில், டீன் அந்த ஆணைக்குப் பணிந்தே வந்தார்கள். இர்விங் பெர்லினின் பழைய பாட்டு ஒன்றுக்கு, பிரெட் அஸ்டேர் படங்களில் வருவது போன்ற மண்டப நடனம். கோபன்ஹேகனில் ஐரோப்பியப் பட்டத்தை மயிரிழையில் வென்றனர். அந்த மயிரிழையே அச்சமூட்ட, சில வாரங்களுக்குள் நடனத்தின் பெரும் பகுதியை மாற்றியமைத்து லில்லிஹாமர் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். அங்கே ராக் அண்டு ரோல் ஆடிய ரஷ்ய ஜோடி கிரிஷுக், பிளாட்டோவுக்குத் தங்கம்; உசோவா, ஷூலினுக்கு வெள்ளி; இவர்களுக்கு வெண்கலம். ஜேன் டீனின் தோளைத் தாண்டிப் புரளும் இறுதி அசைவு விதிக்கு உட்பட்டதா என்ற சர்ச்சை எழுந்தது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1984இல் விதியின் ஓட்டையில் நுழைந்தவர்களுக்கு மகுடம் கிடைத்தது. 1994இல் விதியை மதித்து வந்தவர்களுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. இதை அநீதி என்று சொல்ல நான் தயாரில்லை. கிரிஷுக், பிளாட்டோவின் வேகத்தைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஆனால் இரண்டு தீர்ப்பையும் ஒரே கோலால் அளந்தார்கள் என்று சொல்லவும் தயாரில்லை. 2002இல் சால்ட் லேக் ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவுத் தீர்ப்பில் பெரும் ஊழல் வெடித்தபின், 6.0 முறையே ஒழிந்தது. இன்று ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனி விலை. அதைச் செய்த தரத்துக்குக் கூட்டல் கழித்தல். கணக்கு நேராயிற்று. ஒன்பது பேரும் ஒரே எண்ணைத் தூக்கிக்காட்டும் காட்சி மட்டும் இனி வராது.

சாரயேவோவில் அவர்கள் ஆடிய செட்ரா மண்டபம் 1992இல் தொடங்கிய முற்றுகையில் குண்டுபட்டு நாசமாயிற்று. பிணங்களைக் கிடத்தும் இடமாகவும் அது பயன்பட்டது. அருகிலிருந்த திடல் இடுகாடாயிற்று. போருக்குப்பின் மண்டபத்தை மீண்டும் கட்டி 1999இல் திறந்தார்கள். 2014இல், முப்பது ஆண்டு நிறைவுக்கு டார்வில், டீன் அங்கே திரும்பிப் போனார்கள். ஐம்பதைத் தாண்டிய இருவரும் அதே பனித்தளத்தில் முழந்தாளிட்டு, பொலேரோவை மறுபடி ஆடினார்கள். நடுவர் எவரும் அமர்ந்திருக்கவில்லை.