செல்போனில் சார்ஜ் ஏறவில்லையெனில் செய்யவேண்டுவது யாது?

சில மாதங்களுக்கு முன்னர், நாம் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அப்போது அங்கத்தினர் ஒருவர் எட்டாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டு விண்ணப்பத்துடன் காரியதரிசியின் முன் வந்து நின்றார். காரணம் வினவினோம். அவருடைய செல்போனில் மூன்று நாட்களாகச் சார்ஜ் ஏறவில்லை. பழுது பார்க்கும் கடைக்காரர், "உள்ளே போர்டு போய்விட்டது, புதிது வாங்குவதே மேல்" என்று கூறியனுப்பிவிட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த இரண்டே நாட்கள் எஞ்சியிருந்தன. வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் அந்தப் போனுக்குத்தான் வரவேண்டும்.

காரியதரிசியின் சார்ஜரை வாங்கி அப்போனில் செருகிப் பார்த்தோம். கேபிளின் முனை முழுதும் உள்ளே செல்லாமல் ஒரு நெல்மணி அகலத்திற்கு வெளியே நின்றது. வெளிச்சத்தில் துவாரத்தை நோக்கியபோது, அடியில் பஞ்சு அடை போல் இறுகிக் கிடந்தது. தறியில் அமர்ந்து நெய்பவரின் சட்டைப் பையில் பஞ்சுத் தூசி சேருவது இயல்பே. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அத்தூசி உள்ளே திணிக்கப்பட்டு, ஈராண்டில் துவாரத்தையே அடைத்துவிட்டது. போனை அணைத்துவிட்டு, துடைப்ப ஈர்க்கு ஒன்றை மெல்லியதாகச் சீவிப் பஞ்சை வெளியே எடுத்தோம். முனை உள்ளே சென்று பொருந்தியது, சார்ஜும் ஏறிற்று. விண்ணப்பத்தை அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாப் பழுதும் இத்துணை எளியதன்று. ஆயினும் செலவின்றித் தீர்வது எது, சிறு செலவில் தீர்வது எது, பாட்டரியை மாற்றியே தீரவேண்டுவது எது என்று பிரித்தறியத் தெரிந்தவர் வீண் கடன் படமாட்டார். அதற்கான முறையை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாட்டரியின் இயல்பு

இன்றைய செல்போன்களில் உள்ளது லித்தியம் அயனி பாட்டரி எனப்படும். 1991-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய சோனி இதை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. இதன் ஆக்கத்திற்கு அடிகோலிய குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதனுள் இரு மின்வாய்கள் உண்டு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்கின்றன. நாம் போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. தறியில் நாடா இப்புறமும் அப்புறமும் ஓடுவதை ஒத்தது இது. ஒவ்வொரு ஓட்டத்திலும் சிறிதளவு லித்தியம் திரும்ப இயலாமல் தங்கிவிடுகிறது. ஆகவே பாட்டரி நாளடைவில் மூப்படைவது குறையன்று, அதன் இயல்பேயாகும். முழுச் சார்ஜ் ஏறி இறங்குவதை ஒரு சுற்று எனக் கொண்டால், ஏறக்குறைய 500 முதல் 1,000 சுற்றுகளுக்குப்பின் பெரும்பாலான பாட்டரிகளின் கொள்ளளவு தொடக்கத்திலிருந்ததில் 80 விழுக்காடு அளவிற்குக் குறைந்துவிடும். இன்று பாதியும் நாளை பாதியும் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்று என்பதையும் நினைவிற்கொள்க.

வாய்க்காலைப் பார்ப்பதுபோல் பார்த்தல்

கடைமடை வயலுக்கு நீர் வரவில்லையெனில் விவசாயி யாது செய்கிறார்? எடுத்த எடுப்பில் கிணறு வற்றிவிட்டது என்று முடிவுகட்டுவதில்லை. மின்சாரம் உண்டா, மோட்டார் ஓடுகிறதா, குழாயில் ஒழுக்கு உண்டா, வாய்க்கால் உடைந்ததா, மடை அடைபட்டதா என்று வரிசையாகப் பார்க்கிறார். செல்போனுக்கும் அதுவே முறை. சுவரிலுள்ள பிளக் பாயிண்ட்டு, சார்ஜர், கேபிள், போனின் துவாரம், பாட்டரி ஆகிய ஐந்தும் ஒரே வாய்க்காலின் ஐந்து இடங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் குற்றம் எதில் இருந்தது என்று தெரியாமலே போகும்.

1. பிளக் பாயிண்ட்டு: அதே இடத்தில் வேறொரு போனை அதன் சொந்தச் சார்ஜருடன் மாட்டிப் பார்க்கவும். ஏறினால் மின்சாரத்தில் குறையில்லை. பம்புசெட்டுக் கொட்டகையில் சார்ஜ் போடும் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, 230 வோல்ட்டு இருக்கவேண்டிய இடத்தில் மிக உயர்ந்த அழுத்தம் பாயக்கூடும். பெரும்பாலான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட்டு வரைக்குமே அமைக்கப்பட்டவை. அதனை மிக மீறினால் கருகிவிடும்.

2. சார்ஜர்: அயலாரிடமிருந்து நல்ல நிலையிலுள்ள சார்ஜரை வாங்கி, கேபிளை மட்டும் நம்முடையதாகவே வைத்துக்கொண்டு பார்க்கவும். இப்போது ஏறினால் குற்றம் நம் சார்ஜரைச் சார்ந்தது.

3. கேபிள்: நம் சார்ஜரில் பிறருடைய கேபிளைப் பொருத்திப் பார்க்கவும். சார்ஜ் குறைபாடுகளில் பெரும்பாலானவை கேபிளாலேயே நேர்கின்றன. இழுத்து இழுத்து முனையருகே உள்ளிருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள் அறுபடுகின்றன. மேலுறை மட்டும் முழுமையாகத் தோன்றும். ஒரு பக்கம் வளைத்துப் பிடித்தால் மட்டுமே ஏறுகிறதெனில் கேபிளின் ஆயுள் முடிந்தது என்றே கொள்க. டேப் சுற்றி உபயோகித்தல் ஆபத்து.

4. துவாரம்: போனை அணைத்துவிட்டு வெளிச்சத்தில் நோக்கவும். தூசி இருப்பின் மரக்குச்சி அல்லது ஈர்க்கினால் மெதுவாக வெளியே எடுக்கலாம். ஊசி, ஹேர்பின் முதலிய உலோகப் பொருள் எதையும் நுழைக்கலாகாது. வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் உள்ளே செல்லும். வயலில் உரமும் மருந்தும் கையாளுவோர் அக்கைகளைக் கழுவித் துடைத்தபின்னரே போனைத் தொடுதல் நலம். அவ்வுப்புகள் ஈரத்துடன் சேர்ந்து துவாரத்திலுள்ள உலோக முனைகளை அரிக்கும்.

மழையில் நனைந்த போனை உடனே சார்ஜில் போடுதல் கூடாது. துவாரம் கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் நன்கு உலரவிட வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் எங்கும் காணப்படுகிறது. அதனால் நன்மை இல்லை. தவிட்டுத் தூளும் குறுநொய்யும் துவாரத்தில் புகுந்து புதுத் தொல்லை விளைவிக்கும்.

5. போனின் உள்ளமைப்பு: சில வேளைகளில் பாட்டரி நன்றாயிருந்தும் போனின் செயல்முறை திகைத்து நின்றுவிடும். பவர் பொத்தானை இருபது விநாடி வரை அழுத்திப் பிடித்து மறுபடி இயக்கினால் பல போன்கள் சீர்பட்டுவிடும். பல நாட்கள் அணைந்தே கிடந்த போனில் சார்ஜ் போட்டவுடன் ஒளி தெரியாது. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் முறை.

மெதுவாக ஏறுகிறது என்பார்க்கு

இதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். 5,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-மணி மின்சக்தி அடங்கும். பழைய பொத்தான் போனுடன் வந்த சார்ஜர் பெரும்பாலும் 5 வோல்ட்டு, 1 ஆம்பியர். அதாவது 5 வாட்டு அல்லது அதனினும் குறைவு. அதனைக் கொண்டு இப்பாட்டரியை நிரப்ப, வழியில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஆவதில் வியப்பில்லை. 10 வாட்டுச் சார்ஜரில் அதில் பாதி நேரம் போதும். சார்ஜரின் மேல் பொறித்துள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்டு கிடைக்கும். இதைப் பார்த்தறியாமல் போனைக் குறை கூறுதல் தகாது. மேலும் 80 விழுக்காட்டிற்குமேல் ஏற்றம் மெதுவாவது பாட்டரியின் பாதுகாப்பிற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடே.

மின் கட்டணத்திற்கு அஞ்சுவோருக்கும் ஒரு சொல்: வீணாவதையும் கூட்டினால் ஒரு முழுச் சார்ஜுக்கு ஏறக்குறைய 25 வாட்-மணி செலவாகும். ஒரு யூனிட்டு மின்சாரத்தில் நாற்பது முறை ஏற்றலாம்.

விரைவில் தீர்ந்துபோனால்

ஏறிய சார்ஜ் மாலைக்குள் தீர்ந்துவிடின், போனின் செட்டிங்ஸில் பாட்டரி என்ற பகுதியைத் திறந்து பார்க்கவும். எந்தச் செயலி எவ்வளவு விழுக்காடு செலவழித்தது என்ற கணக்கு அதிலே உண்டு. சங்கத்தின் செலவுப் பதிவேட்டைப் போல் அதையும் ஒருமுறை தணிக்கை செய்தல் நன்று. வேண்டாத செயலியை நீக்குதலும், திரையின் ஒளியைக் குறைத்தலும் உடனே பயன் தரும்.

கிராமத்தாருக்கு மற்றொரு காரணமும் உண்டு. டவர் தொலைவில் இருந்தால், அதை எட்டுவதற்காகப் போன் தன் அலைவீச்சைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் பாட்டரி விரைவில் இறங்குகிறது. சிக்னலே கிடைக்காத காட்டில் நாள் முழுதும் வேலை செய்வோர், போனை விமான நிலையில் வைத்துவிட்டு, வேண்டும்போது மாற்றிக்கொண்டால் சார்ஜ் நெடுநேரம் நிற்கும்.

பாட்டரி மூப்படைந்ததை அறிதல்

முப்பது விழுக்காடு இருப்பதாகக் காட்டிக்கொண்டே போன் திடீரென அணைந்துவிடுவதும், சார்ஜில் மாட்டியவுடன் எண் தாவி ஏறுவதும், நூறு காட்டிய சிறிது நேரத்தில் அறுபதுக்கு இறங்குவதும் மூப்பின் அறிகுறிகள். வயதான பாட்டரியில் உட்தடை மிகுகின்றது. பேசவோ படம் எடுக்கவோ முயன்று மிகுந்த மின்சாரம் கேட்கும்போது அழுத்தம் சரிந்துவிட, போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. இந்நிலையில் பாட்டரியை மட்டும் மாற்றினாற் போதும். புதுப் போன் வேண்டுவதில்லை.

மூப்பை விரைவுபடுத்துவதில் முதன்மையானது வெப்பம். தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் டிராக்டரிலும், தலையணைக்கு அடியிலும் போனை வைத்துச் சார்ஜ் ஏற்றலாகாது. 20-க்கும் 80-க்கும் இடைப்பட்ட நிலையில் வைத்துப் பயன்படுத்தினால் பாட்டரி நெடுநாள் உழைக்கும். "முழுதும் தீர்ந்தபின்னரே ஏற்றவேண்டும்" என்பது பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிகளுக்கு உரிய விதி. லித்தியத்திற்கு அது பொருந்தாது.

உயிருக்கு ஊறு செய்வது

இதுவரை கூறியவை பணத்தைப் பற்றியன. இனிக் கூறுவது உயிரைப் பற்றியது.

பாட்டரி உப்பினால், அதனுள் வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். பின்மூடி எழும்பி நிற்பதும், திரை ஓரத்தில் பிரிவதும் அடையாளங்கள். கழற்றக்கூடிய பாட்டரியாயின் மேசைமீது வைத்துச் சுழற்றிப் பார்க்கவும். பம்பரம் போல் சுழன்றால் உப்பியது உறுதி. அதை அழுத்தவோ, குத்தவோ, மீண்டும் சார்ஜ் ஏற்றவோ கூடாது. 2016-இல் சாம்சங் நிறுவனம் தன் கேலக்ஸி நோட் 7 போன்களைப் பாட்டரிக் குறையால் தீப்பற்றியமையின் உலகெங்கிலும் திரும்பப் பெற்று உற்பத்தியையே நிறுத்தியது. பெரிய நிறுவனத்தின் பாட்டரிக்கே இந்நிலையெனில், பெயரறியாப் பாட்டரியைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

நெசவாளர் இல்லங்களில் பாவு, கழிவுப் பஞ்சு, நூற்கண்டு யாவும் தீப்பற்றும் பொருள்கள். ஆதலின் சார்ஜ் போடும் இடம் தறிக்குழிக்கு அருகில் இருத்தல் கூடாது. தரையிலோ கல் மேடையிலோ இருத்தல் வேண்டும். இரவெல்லாம் படுக்கையில் போட்டுவைப்பதையும், சார்ஜில் இருக்கும்போது காதில் ஒயர் மாட்டிப் பேசுவதையும், ஈரக் கையால் தொடுவதையும் தவிர்க்கவேண்டும். மலிவான சார்ஜர்களில் வீட்டு மின்சாரத்திற்கும் போனுக்கும் இடையே உள்ள காப்பு செம்மையாக இராது. புகை கிளம்பினால் முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்து, புகையைச் சுவாசிக்காமல் விலகி நிற்க.

வாங்குங்கால்

சார்ஜரும் பாட்டரியும் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், "ஆர்" எழுத்துடன் தொடங்கும் பதிவெண்ணும் உண்டா எனப் பார்க்கவும். ரசீது பெறத் தவறலாகாது. உத்தரவாத காலத்தில் பழுதை ஏற்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து முறையிடலாம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் நன்கு இயங்கும் சார்ஜர் ஒன்றும் இருவகைக் கேபிள்களும் சோதனைக்கென வைத்திருக்கலாம். சில நூறு ரூபாயே ஆகும். அங்கத்தினர் எவரும் கடைக்குச் செல்லுமுன் அங்கு வந்து மேற்கூறிய வரிசைப்படி சோதித்துக்கொள்வார். பழைய பாட்டரிகளைக் குப்பையிலோ கிணற்றோரத்திலோ எறியாமல், மணல் நிரப்பிய தகர டப்பாவில் சேர்த்து வைக்கலாம். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

தறியில் இழை அறுந்தால், நூலைக் குறை கூறுமுன் விழுதையும் அச்சையும் பார்ப்பவர் நம் அங்கத்தினர். அதே பொறுமையைச் செல்போனிடத்தும் காட்டுவாராயின், வீண் கடனுக்கு விண்ணப்பம் எழுதும் வேலை அவருக்கும் இல்லை, அதைப் பரிசீலிக்கும் வேலை சங்கத்திற்கும் இல்லை.