கொள்ளுத்தாத்தா முன்சீப்பாம்!

பூர்வீகம் தேடி வருகிறவர்கள் பழைய பத்திரத்தை என் மேஜையில் விரித்ததும், முதலில் விரல் வைப்பது தொழிலைச் சொல்லும் வரியில்தான். ‘கொள்ளுத்தாத்தா முன்சீப் சார், ஜட்ஜாக இருந்திருக்கார்!’

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிராம முன்சீப் வேறு, ஜட்ஜான ஜில்லா முன்சீப் வேறு என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. வாடவே வேண்டாம். ஊரில் கிஸ்தி என்ற நிலவரியை வசூலித்தவர், பிறப்பு இறப்பைப் பதிந்தவர் கிராம முன்சீப். சில்லறைப் பண வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் 1816லேயே அவருக்குக் கிடைத்துவிட்டது.

பத்திரங்களில் வேறு ஊர்ப் பதவிகளும் வரும். சிட்டா, அடங்கல் என்ற நிலக் கணக்குகளை எழுதியவர் கர்ணம். சில ஊர்களில் அவரே கணக்குப்பிள்ளை. தலையாரி ஊர்க்காவல். நீர்க்கட்டி ஏரி மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் விட்டவர்.

இவை பெரும்பாலும் பரம்பரைப் பதவிகளாக இருந்தன. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒருவர் கர்ணம் என்றால் அவர் அப்பாவையும் அதே ஊர்க் கணக்கில் தேடலாம். இந்தப் பதவிகளின் வாரிசுத் தகராறுகளைத் தீர்க்க 1895இல் ஒரு சட்டம் வந்தது; அந்த வழக்குக் கட்டு கிடைத்தால் வம்சாவளியே அதில் இருக்கும். சம்பளத்துக்குப் பதிலாக விட்ட நிலத்தின் பெயரும் துப்புக் கொடுக்கும். ‘தலையாரி மானியம்’ என்று இன்றும் வயலைச் சொல்கிறார்களே! முன்சீப், கர்ணம் பதவிகளை அரசு 1980 நவம்பர் 14 அன்று ஒழித்தது. பிறகு வந்தவர்தான் இன்றைய வி.ஏ.ஓ.

பலரைக் குழப்பும் இன்னொரு சொல் ‘சுகஜீவனம்’. இன்னார் குமாரர் இன்னார், சுகஜீவனம் என்று பத்திரத்தில் வரும். வேலைவெட்டி இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். குத்தகை நெல்லிலோ வீட்டு வாடகையிலோ குடும்பம் நடத்தியவர் என்றே பெரும்பாலும் பொருள். அப்படியானால் அவர் பெயரில் குத்தகைச் சீட்டு, அடமானப் பத்திரம் இருக்க வாய்ப்பு அதிகம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

பத்திரமோ கடிதமோ இலங்கை மலையகத்திலிருந்து வந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அங்கே கணக்கப்பிள்ளை தேயிலை மலையில் ஆட்களை வேலை வாங்கியவர். சிட்டா அடங்கலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஊரிலிருந்து ஆள் திரட்டிக் கூட்டிப்போனவர் கங்காணி. தாத்தா எந்தக் கங்காணியோடு போனார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் சேர்த்தே அவர் அழைத்துப் போவது வழக்கம். அவர் ஊர் தெரிந்தால் உங்கள் ஊரையும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே தேடத் தொடங்கலாம்.