வாகனம் புகாத பள்ளத்தாக்கு வழிகள்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியரிடம் எவரும் எதிர்பார்க்கக் கூடிய இலக்கியப் பொருள் ஒன்றையே யாம் முதலில் எண்ணினோம். ஆயினும் சென்ற புரட்டாதி மாதத்திலே, சுவிற்சர்லாந்திற் குடியேறி வாழும் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் அழைப்பின் பேரில் அல்பைன் மலைநாட்டிற் கண்டு வந்தவை எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. எம்முடன் துவிச்சக்கர வண்டியிற் கல்லூரிக்கு வந்தவர்கள் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்களுக்கு இப்பொருள் அயலாய் இராது.

1990ஆம் ஆண்டின் பின் சில காலம் குடாநாட்டிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்தது. அக்காலத்தில் யாம் மாணவர். வீதி முழுவதும் துவிச்சக்கர வண்டிகளே சென்றன. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார் ஒன்று புகை கக்கிக்கொண்டு இடையிடையே வரும், அவ்வளவுதான். வாகனம் அற்ற வீதியை யாம் அறிந்தது அவ்வாறு, இல்லாமையினால். இல்லாமை நீங்கிய பின் வீதிகள் அகன்றன, வாகனங்கள் பெருகின. எம்மிடம் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதிகாலையிலே தனியார் வகுப்பிற்குச் செல்லப் பெருந்தெருவைக் குறுக்கறுத்தபொழுது, மணல் ஏற்றி வந்த டிப்பர் ஒன்றினால் மோதுண்டார். உயிர் தப்பியது, கால் பழைய நிலைக்கு வரவில்லை. வேண்டுமென்றே, செல்வம் மிக்க நாடொன்றிலே, வாகனத்துக்கு இடங்கொடாது அமைத்த வழிகள் உள்ளன என்று தோழர் எழுதியபொழுது யாம் புறப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

யாம் சென்ற இடம் இத்தாலியின் வட எல்லையிலுள்ள தென்றிரோல். செர்னெஸ் என்னும் ஊர்வரை புகையிரதத்திலும், அப்பால் கணவாய் கடந்து பஸ் வண்டியிலும் சென்று, மால்ஸ் என்ற சிற்றூரில் இறங்கினோம். அங்கிருந்து வடக்கே ஏறினால் றெஷென் கணவாய். அதன் உயரம் ஏறக்குறைய 1,500 மீற்றர். எமது நுவரெலியாவிலும் தாழ்ந்ததே. அக்கணவாயின் அருகில் எட்ச் ஆறு பிறக்கிறது. இத்தாலியர் அதனை ஆடிஜே என்பர். போ ஆற்றுக்கு அடுத்தபடியாக இத்தாலியின் நீண்ட ஆறு அதுவே. 410 கிலோமீற்றர் ஓடி அத்திரியாத்திக் கடலிற் கலக்கிறது. ஆறு செல்லும் வழியே துவிச்சக்கர வண்டி வழியும் செல்கிறது. கணவாயிலிருந்து வின்ஷ்கௌ பள்ளத்தாக்கினூடாக மெரான் நகர் வரை ஏறக்குறைய 80 கிலோமீற்றர். அத்தூரத்தில் 1,100 மீற்றருக்கு மேற்பட்ட இறக்கம்.

கணவாயை அடுத்து ஓர் ஏரி. அதன் நீரிலிருந்து தேவாலயக் கோபுரம் ஒன்று தனித்து நிற்கிறது. 1950ஆம் ஆண்டில் மின்சாரத்துக்காக அணைகட்டி நீரை உயர்த்தியபொழுது கிறௌன் என்னும் ஊரின் வீடுகள் மூழ்கின. பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரம் மட்டும் எஞ்சியது. உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். யாமும் பிடித்தோம், பின்னர் வெட்கமாயிருந்தது. ஊர் இழந்தவர்களின் அடையாளத்தைப் படம் பிடிக்க, ஊர் இழந்து மீண்ட எமக்குக் கை எவ்வாறு எழுந்தது?

இவ்வழிகள் தனியே நிலம் வாங்கி வெட்டப்பட்டவை என்று யாம் நினைத்திருந்தோம். அஃது அன்று. பெரும்பாலானவை வேறொரு பயனுக்காக முன்னரே இருந்தவை. மெரானுக்குத் தெற்கே போட்சென் நகர் வரையுள்ள சமவெளி ஒரு காலத்திற் சதுப்பு நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றை நேராக்கி இருமருங்கும் கரை உயர்த்தினர். கரையைப் பேணுவதற்கு அதன்மேல் ஒரு பாதை வேண்டியிருந்தது. அப்பாதையே இன்று ஓடுபாதை. வேறிடங்களில் அப்பிள் தோட்டங்களுக்கு உழுபொறி செல்லும் ஒழுங்கைகளைத் தொடுத்திருக்கிறார்கள். ஆகவே ‘வாகனம் அற்றது’ என்பதை முழு உண்மையாகக் கொள்ளலாகாது. அறுவடைக் காலத்தில் அப்பிள் ஏற்றிய உழுபொறிக்கு வழிவிட்டே செல்ல வேண்டும். ஊர்களின் உள்ளே சிறுதெருக்களும் இடைப்படும். இவற்றைப் பேணுவோர், பல ஊராட்சிகள் கூடிய வட்டார மன்றத்தினர்.

மூன்றாவது வகையே எமக்கு மிகவும் பிடித்தது: கைவிடப்பட்ட புகையிரதப் பாதை. புகையிரதம் செங்குத்தாக ஏறமாட்டாது. உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் வழுக்கும். ஆதலால் பொறியியலாளர் மலையைச் சுற்றியும் குடைந்தும் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்ற அளவிலேயே ஏற்றத்தை வைத்தனர். இயந்திரத்தின் பலவீனத்துக்காகச் செய்த அவ்வேலை முழங்கால் தேய்ந்தவருக்கும் சிறுவருக்கும் இன்று உதவுகிறது. பிறென்னர் கணவாயின் தென்புறத்தில், 1867இல் திறந்த புகையிரதப் பாதையின் ஒரு பகுதி, 1999இல் நீண்ட சுரங்கம் ஒன்று திறக்கப்பட்டதும் வெறுமையாயிற்று. இப்பொழுது அதில் துவிச்சக்கர வண்டிகள் செல்கின்றன. கிழக்கே தோபிலாக் என்னும் ஊரிலிருந்து கோர்த்தினாவுக்குச் சென்ற மலைப்பாதையின் கதையும் இத்தகையதே. முதலாம் உலகப் போரின்பொழுது படைகளின் தேவைக்கு இட்ட தண்டவாளம் அதற்கு மூலம், 1921இல் முழுப் பாதையும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, 1956இற் கோர்த்தினாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கும் அதுவே ஆட்களை ஏற்றியது, 1964இல் மூடப்பட்டது. இன்று சரளை பரவிய வழியாய்க் காட்டினூடே ஏறி 1,500 மீற்றர் உயரமுள்ள கணவாயைக் கடந்து, இருண்ட சுரங்கங்களையும் ஆழ்ந்த பிளவின் மேலுள்ள பாலத்தையும் தாண்டி இறங்குகிறது. பனிக்காலத்திற் பனிச்சறுக்குவோர் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

மற்றொன்றும் கூற வேண்டும். மெரானிலிருந்து மால்ஸ் வரை 1906இல் தொடங்கிய புகையிரதம் 1990இல் நிறுத்தப்பட்டது. அப்பாதையையும் துவிச்சக்கர வண்டிக்கே விட்டிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. 2005இல் அதனை மீளத் திறந்தனர். துவிச்சக்கர வழி அதன் அருகே ஆற்றோடு செல்கிறது. ஒரு நிலையத்தில் வண்டியை வாடகைக்கு எடுத்து, இறக்கம் முழுவதும் ஓடி, மற்றொரு நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் புகையிரதத்தில் திரும்பலாம். ஏற்றத்தைப் புகையிரதமும் இறக்கத்தை மனிதனும் பங்கிட்டுக் கொள்ளும் இவ்வேற்பாட்டினாலேயே பாட்டிமாரும் எட்டு வயதுப் பிள்ளைகளும் அவ்வழியில் நிறைந்திருக்கிறார்கள்.

இறக்கம் என்றால் மிதிக்கவே வேண்டியதில்லை என்று எண்ணி யாம் ஏமாந்தோம். பக்க மலைகளின் ஓடைகள் கொண்டு வந்து குவித்த கல்லும் மண்ணும் விசிறி வடிவில் பள்ளத்தாக்கை அடைத்துக் கிடக்கின்றன. அவ்விசிறிகளின் முகத்தில் இறக்கம் திடீரென மிகும். அவற்றுக்கு இடையே நிலம் சமனாகும். காற்று எதிர்த்தால் மிதித்தே ஆக வேண்டும். மெரானுக்குச் சற்று மேலே ஆறு ஒரு படி இறங்குகிறது. வழியும் பாம்பு போல் வளைந்து இறங்கும். அவ்விடத்தில் யாம் பிறேக்கை விடாது பிடித்திருந்தோம். “வாத்தியார், இறுக்கிப் பிடியாதையும், விட்டு விட்டுப் பிடியும்” என்று பின்னாலிருந்து தோழர் கத்தினார். இடைவிடாது உராய்ந்தால் சில்லு விளிம்போ தட்டோ சூடேறிப் பிறேக்கின் பிடி தளரும் என்பதைப் பின்னரே விளக்கினார். வெயிலேறச் சரிவுகள் சூடாகிக் காற்று மேலெழும்; அவ்விடத்தை நிரப்பக் கீழ்நிலத்துக் காற்று பள்ளத்தாக்கின் வழியே ஏறி வரும். ஆதலால் மலைநாட்டில் இறங்குவோர் காலையிலேயே புறப்படுவது வழக்கம். ஆனால் வின்ஷ்கௌவிற் கணவாயைத் தாண்டி மேலிருந்து வீசும் காற்றும் உண்டு. அது எமக்கு வாய்த்தது.

வின்ஷ்கௌ மழை குறைந்த பள்ளத்தாக்கு; ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிமீற்றர். ஆகவே மலையோடைகளிலிருந்து சரிவு நெடுக வாய்க்கால் வெட்டி நீரைக் கொணர்ந்தனர். வாய்க்காலைக் காவல் செய்தவர் நடந்த வரம்பு இன்று நடைபாதை. துலா மிதித்து நீர் இறைத்த குடியினராகிய எமக்கு அவ்வாய்க்கால்களின் அருகே நெடுநேரம் நிற்கத் தோன்றியது.

தமிழாசிரியர் கண்ணில் மற்றொன்றும் பட்டது. வழிகாட்டிப் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் யேர்மன், இத்தாலிய மொழிகள் இரண்டிலும் உள்ளன. இந்நிலம் முதலாம் உலகப் போரின் பின் ஒஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு மாறியது. முசோலினியின் ஆட்சியில் யேர்மன் பாடசாலைகளும் ஊர்ப்பெயர்களும் விலக்கப்பட்டன. மறைவாகப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பித்த ஆசிரியர்கள் இருந்தனர். 1972இன் தன்னாட்சிச் சட்டத்தின் பின்னரே நிலைமை செம்மையுற்றது. இதனை விரிக்கப் புகுந்தால் கட்டுரை வேறு வழியிற் சென்றுவிடும்.

முதன்முறை செல்வோருக்குத் தோபிலாக்கிலிருந்து ஒஸ்திரியாவின் லீன்ஸ் வரையுள்ள வழியையே யாம் கூறுவோம். 44 கிலோமீற்றர் அளவு. திராவ் ஆற்றோடு மெல்லிய இறக்கம். தோபிலாக்கின் மேட்டிற் பெய்யும் மழை ஒரு புறம் அத்திரியாத்திக் கடலுக்கும், மறுபுறம் திராவ் வழியே தன்யூப்பை அடைந்து கருங்கடலுக்கும் பிரிந்து செல்கிறது. இடையில் நாட்டெல்லை ஒன்றைக் கடக்கிறோம். அதனை ஒரு பலகை அறிவித்ததால் அறிந்தோம்.

ஊர் திரும்பியபின் அம்மாணவரின் வீட்டிற்குச் சென்று படங்களைக் காட்டினோம். கோபுரத்தையும் மலைகளையும் விரைவாகத் தள்ளிவிட்டு, “சேர், பெருந்தெரு குறுக்கிட்டால் என்ன செய்வார்கள்?” என்று கேட்டார். பல இடங்களில் தெருவின் கீழே ஒரு சிறு சுரங்கவழி அமைத்திருக்கிறார்கள் என்றோம். அதன் படம் உண்டா என்றார். யாம் எடுத்த படங்கள் முந்நூறுக்கு மேல். அவற்றுள் அஃது ஒன்று மட்டும் இருக்கவில்லை. தோழருக்கு எழுதினோம். மறுவாரம் படம் வந்தது: சீமெந்துச் சுவர், ஒரு மின்விளக்கு, சரிந்து இறங்கி மறுபுறம் ஏறும் ஒன்பது அல்லது பத்தடி அகலப் பாதை. அவர் அதனைத் தம் கொப்பியில் அளவோடு வரைந்து வைத்திருக்கிறார்.